அரக்குச் சேலையும் நான் காட்டாத முகமும்

இதை எழுதுவதற்கென்று நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி ஆறு வருடம் ஆகிறது. முதல் பக்கத்தில் சிலுவை போட்டேன். அதோடு மூடி வைத்துவிட்டேன். பிறகு மூன்று தடவை எடுத்தேன். ஒரு தடவை பாதிப் பக்கம் வரைக்கும் வந்தது. படித்துப் பார்த்தால் என்னை நல்லவனாகக் காட்டுவதற்கே எழுதினது மாதிரி இருந்தது, கிழித்துப் போட்டேன். எட்டாவது வரை படித்தவன், வாக்கியம் ஒழுங்காக வராது என்று கேட்பவர்களிடம் சொல்லிக்கொண்டேன். அது சாக்கு. பாவசங்கீர்த்தனத்தில் சாமியார் காதில் சொன்னதை எல்லார் முன்னாலும் சொல்ல வெட்கமாக இருந்தது, அவ்வளவுதான். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். ஆண்டவர் துணை இருக்கட்டும்.

நான் குமாரபாளையத்தில் ஒரு லுங்கிக் கம்பெனியில் துணி செக்கிங் பார்க்கிறவன். தறியிலிருந்து வருகிற துணியைச் சாய்வு மேசைமேல் இழுத்து, வெளிச்சத்தில் பார்ப்பேன். இழை விட்டிருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால், ஓரிடத்தில் நிறம் ஏறி ஓரிடத்தில் இறங்கியிருந்தால் சாக்பீஸால் வட்டம் போட்டு ஒதுக்கிவிடுவேன். என் மேசையைத் தாண்டிக் குறையோடு ஒரு பீஸ் போகாது என்று முதலாளி வெளியூர் வியாபாரிகளிடம் சொல்லுவார். அதைக் கேட்க எனக்குப் பிடிக்கும்.

என் மனைவி அதே தெருவில் தறிகளுக்குக் குறுக்கே ஓடுகிற ஊடை நூல் சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். நூல் அறுந்தால் முடிச்சுப் போட முடியவில்லை, முனை கண்ணில் படமாட்டேன் என்கிறது என்று சொல்ல ஆரம்பித்தாள். கண்ணாடி மாற்றினோம். பிறகு ஒரு நாள் பூசை முடிந்து வரும்போது, பக்கத்தில் நின்ற சைக்கிளில் மோதி விழுந்தாள். சேலத்தில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி நரம்பு செத்துக்கொண்டு வருகிறது என்றார்கள். இடது கண் ஏற்கெனவே போய்விட்டது. வலது கண்ணில் சுற்றிலும் இருண்டு, நடுவில் ஒரு வட்டம் மட்டும் மிச்சம்.

டாக்டரம்மா சின்ன வயசு. ஒளிக்காமல் சொன்னார். "அம்மா, போனது திரும்ப வராது. இருக்கிறதைக் காப்பாத்தத்தான் இந்தச் சொட்டு மருந்து. ஒரு வேளை கூட விடக் கூடாது. எத்தனை நாளைக்குப் பார்வை நிக்கும்னு என்னால உறுதி சொல்ல முடியாது."

திரும்பி வரும்போது பஸ் சங்ககிரி தாண்டுகிற வரைக்கும் அவள் மருந்துச் சீட்டை மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "ஏனுங்க" என்றாள். "எனக்கு ஒண்ணே ஒண்ணு பாக்கோணும்."

"வேளாங்கண்ணிக்குப் போலாமா?"

"மாதாவைக் கண்ணை மூடிட்டே பாத்துக்குவேன். என்னைத்தான் பாக்கோணும். கல்யாணத்தன்னிக்கு அந்த அரக்குச் சேலையில நான் எப்படி இருந்தேன்னு ஒருக்கா பாத்துட்டாப் போதும். பொறவு போறது போகட்டும்."

எங்கள் கல்யாண ஆல்பம் இல்லை. காவிரியில் வெள்ளம் வந்து தெருவுக்குள் தண்ணீர் ஏறியபோது அது பீரோவின் கீழ்த்தட்டில் இருந்தது. மூன்று நாள் கழித்துப் பிரித்தால் ஒருவர் முகம் இன்னொருவர்மேல் ஒட்டிக்கொண்டு வந்தது. கல்யாணத்தில் சாமியார் மந்திரித்துக் கொடுத்த அந்த அரக்குக் கூறைச் சேலை மேல்தட்டில் இருந்ததால் தப்பித்தது. சொந்தக்காரர்களிடமெல்லாம் கேட்டு ஒரே ஒரு போட்டோ கிடைத்தது. அதில் பந்தியில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள், முகம் கட்டைவிரல் நகம் அளவு. அதை ஸ்டுடியோவில் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் பெரிசாக்கி, வேறு யாரோ பெண்ணின் உடம்பில் வைத்துக் கொடுத்தார்கள். அவள் அதைக் கண்ணருகே வைத்து அங்குலம் அங்குலமாகப் பார்த்தாள்.

"யாரோ சினிமாக்காரி கழுத்துல என் தலையை வெச்சுத் தெச்சிருக்காங்க. நகை மட்டும் நல்லாருக்குது. அதைக் கழட்டிக் குடுப்பாங்களான்னு கேளுங்க."

அவள் சிரித்தாள். என்னால் சிரிக்க முடியவில்லை.

சேலத்தில் ஒரு பழைய கோவிலில் மாதா படம் ஒன்று உண்டு. எண்ணெய் வண்ணத்தில் வரைந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அதன் முன்னால் நின்று, மாதாவின் நீலப் போர்வை பட்டா, பருத்தியா என்று செபத்தை மறந்து யோசித்திருக்கிறேன். தொட்டால் வழுக்கும் போலிருக்கும். திருவிழாவுக்குப் பேனர் எழுதுவது, கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பின்னால் மலையும் வானமும் வரைவது என்று கொஞ்சம் கைப்பழக்கம் எனக்கு இருந்தது. அந்த மாதிரி நானே வரைந்துவிடுவது என்று முடிவு செய்தேன். இப்போது நினைத்தால் அது பக்தியா, அகந்தையா என்று தெரியவில்லை.

பாலத்தைத் தாண்டிப் பவானியில், ஓவியக் கல்லூரியில் படித்த ஒரு பெண் சனிக்கிழமைகளில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். முப்பது வயசு இருக்கும். முன்னறையிலேயே தொட்டிலில் கைக்குழந்தை. நான் விஷயத்தைச் சொன்னதும் முதலில் கேட்டது, "எத்தன நாள் இருக்குதுங்ணா?"

"தெரியலைங்க டீச்சர்."

"அப்ப எண்ணெய் வண்ணம் வேண்டாங்ணா. ஒவ்வொரு பூச்சும் காய வாரக்கணக்கா ஆகும். அக்ரிலிக்ல போடலாம், ஒரு மணி நேரத்துல காஞ்சுரும்."

அக்ரிலிக்கில் வரைந்த ஒரு படத்தைக் காட்டினார். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அதிலிருந்த சேலை என் கண்ணுக்கு பிளாஸ்டிக் விரிப்பு மாதிரி தெரிந்தது. மாதாவின் போர்வைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தேன். டீச்சர் தொட்டிலை ஆட்டிக்கொண்டே, "சரி, உங்க இஷ்டம்" என்றார்.

சட்டத்தில் கேன்வாஸ் கட்டி, கரியால் உருவம் போட்டு, அரக்கு நிறம் கலந்து மூன்று வாரத்தில் சேலையைப் பூசி எடுத்துப்போனேன். கொஞ்சம்கூட ஏற்ற இறக்கம் இல்லாமல், கம்பெனியில் பாஸ் ஆகிற துணி மாதிரி சுத்தமாக இருந்தது. டீச்சர் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"சேலை கொடியில காயுதுங்ணா. அக்கா எங்க இதுக்குள்ள?"

"சேலை முழுக்க ஒரே அரக்குங்களே டீச்சர். மடிப்புக்கு ஒரு நிறம், முழங்காலுக்கு ஒரு நிறம்னு போட்டா அது ஷேடு வேரியேஷன். எங்க கம்பெனில அந்த மாதிரி வந்தா வெட்டி ஒதுக்கிருவோம்."

அவர் சிரித்த சிரிப்பில் குழந்தை எழுந்து அழுதது. குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டே ஒரு அட்டையில் பட்டாணி அளவு ஓட்டை போட்டார். ஜன்னலோரம் ஒரு குடத்தின்மேல் சிவப்புத் துண்டைப் போட்டு, ஓட்டை வழியாக ஒவ்வோர் இடமாகப் பார்க்கச் சொன்னார். குடத்தின் வயிற்றில் துண்டு கிட்டத்தட்ட ரோஸாக இருந்தது. மடிப்புக்குள் காப்பிக்கொட்டை நிறம். பச்சைச் சுவரை ஒட்டிய ஓரத்தில் பச்சைகூட இருந்தது. ஒரே துண்டு. ஒரே சாயம்.

இன்னொன்றும் தோன்றியது. என் மனைவிக்கு உலகமே இப்படி ஓட்டை வழியாகத்தான் தெரிகிறது. ஓர் இடம், அப்புறம் பக்கத்து இடம். அட்டையைக் கீழே வைத்துவிட்டு டீச்சரிடம் தண்ணீர் வாங்கிக் குடித்தேன்.

போட்டதை எல்லாம் சுரண்டி எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். அந்தச் சேலையில் நீளவாக்கில் ஓடுகிற பாவு சிவப்பு, குறுக்கே ஓடுகிற ஊடை கருநீலம். வெளிச்சம் நேராகப் படுகிற இடத்தில் சிவப்பு மேலே வரும், துணி திரும்புகிற இடத்தில் நீலம் எட்டிப்பார்க்கும். நூலைத் தெரிந்தவனுக்கு அது பிடிபட்டது. பருத்தியில் வெளிச்சம் ஊறி நிற்கிறது, பட்டில் விழுந்த உடனே ஓடிவிடுகிறது. அதனால் வெளுப்புக்குப் பக்கத்திலேயே இருட்டு வைக்க வேண்டும். சரிகைக்கு நான் தங்க நிறப் பொடி வாங்கிப்போனதை டீச்சர் பிடுங்கி அலமாரியில் வைத்துக்கொண்டார். காவியும் பழுப்பும் தடவி, இரண்டு மூன்று இடத்தில் மட்டும் வெள்ளை கலந்த மஞ்சளைப் பொட்டு வைத்தால் சரிகை தானாக மின்னுகிறது.

காலையில் ஆறிலிருந்து ஏழரை வரை, ஷிப்டுக்குப் போகும் முன் வரைவேன். அவள் அந்தச் சேலையைக் கட்டிக்கொண்டு ஜன்னலோரம் நாற்காலியில் உட்காருவாள். வயசாகி உடம்பு பெருத்துவிட்டதால் கொசுவத்துக்குத் துணி போதவில்லை என்று தினமும் சிரிப்பாள்.

"ஏனுங்க, முந்தானையையே இப்படிப் பாக்கறீங்களே. கல்யாணத்தன்னிக்குக் கூட என்னை இவ்வளவு நேரம் பாக்கலை."

"ஆடாம இரு சாமி."

"ஒருக்கா காட்டுங்க, எந்த மட்டுல இருக்குதுன்னு."

"முடியட்டும்."

படத்தின்மேல் கம்பெனியில் ஒதுக்கிய லுங்கித் துணியைப் போட்டு மூடிவைப்பேன். அவளும் தொடமாட்டாள்.

அவள் கண்ணில் மிச்சமிருந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வந்தது. தட்டில் இட்லி இருக்கிற பக்கம் விட்டுவிட்டு வெறும் பக்கத்தில் கை துழாவுவாள். வாசல் நிலையில் இடித்து இடித்துத் தோள் எப்போதும் கன்றிப்போயிருக்கும். நான் இறைச்சி விட்டு நேர்ச்சை எடுத்தேன். செபமாலை மணிகளில் என் விரலிலிருந்த அரக்கு வண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கும். கண்ணைக் குணமாக்கு என்று கேட்பதையே நிறுத்திவிட்டேன். ஆண்டவரே, இந்தப் பூச்சுக் காய்கிற வரைக்கும், அடுத்த பூச்சுக் காய்கிற வரைக்கும் என்று நாள் நாளாகப் பிச்சை கேட்டேன்.

முகத்தைப் பயந்து கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தேன். சேலை முடிய எட்டு மாதம் ஆனது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்ததும் உட்காரவைத்தேன். அன்றைக்குக் கோவிலில் நற்கருணைப் பேழை அருகில் எரிகிற சிவப்பு விளக்கைத் தான் பார்த்ததாக வழியெல்லாம் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். சொட்டு மருந்து விட்டுக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்திருந்தவள், தெருவில் கீரைக்காரியின் குரல் கேட்டுச் சட்டென்று திரும்பினாள். அந்தத் திரும்பலில் இருபத்திரண்டு வயசுப் பெண் இருந்தாள். பந்தியில் குனிந்திருந்த அதே பெண். கை தானாக ஓடியது. இரண்டு மணி நேரம். நிறுத்திப் பார்த்தபோது கேன்வாஸில் இருந்தது அவள்தான். நான் முழங்காலில் விழுந்துவிட்டேன்.

"என்னாச்சுங்க, சத்தத்தையே காணோம்?"

"முகம் வந்துருச்சு."

"அப்பக் காட்டுங்க!" நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள்.

"இரு, இரு. மேல்பூச்சு இருக்குது. உதட்டு வேலை பாக்கி. காதே இன்னும் போடலை."

"காது இல்லாட்டிப் போகுதுங்க. எனக்குத்தான் காது நல்லாருக்குதே, கண்ணுதானே இல்லை."

"முடியாத பீஸு என் மேசையைத் தாண்டாது. தெரியுமில்ல?"

பெருமையாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டே லுங்கித் துணியை எடுத்து மூடினேன். அவள் நின்ற இடத்திலிருந்து படம் ஆறு அடி தூரம். அந்த ஆறடியைத்தான் எட்டு வருடமாக நடந்துகொண்டிருக்கிறேன்.

முகத்துக்கு எப்படி வண்ணம் கலந்தேன் என்பதையும் சேர்த்து டீச்சரிடம் போனில் சொன்னேன். "முகத்துல எண்ணெய் ஜாஸ்தி விட்டிருக்கீங்ணா. மூணு வாரம் தொடாதீங்க. அக்கா பாக்கோணும்னா இப்பவே காட்டிருங்க, தொட மட்டும் வேண்டாம்னு சொல்லி" என்றார். அதையும் கேட்கவில்லை.

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். அழுத்தம் இறங்கவில்லை. டாக்டரம்மா என்னைத் தனியாக அழைத்து, "எந்த நாளும் போயிடலாம், தயாரா இருங்க" என்றார். வீட்டுக்கு வந்து முகத்தின் ஓரத்தை விரலால் தொட்டேன். ஈரம். மேல்பூச்சுப் போட முடியாது. எனக்குப் பித்துப் பிடித்த மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் ஊரில் சைசிங் மில் உண்டு. பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, நீராவியில் கொதிக்கிற பெரிய உருளைகள்மேல் ஓட்டி உலர்த்துகிற இடம். மழைக்காலத்தில் நனைந்த மெத்தையைக்கூட அங்கே கொண்டுபோய்க் காயவைப்போம். கோவில் பாடற்குழுவில் என்னோடு பாடுகிறவர் அங்கே வேலை செய்தார். படத்தை அவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். உருளைக்கு இரண்டு முழம் தள்ளி ஸ்டூலில் சாய்த்து வைத்தோம். ஒரு மணி நேரம் வெளியே நின்று செபமாலை சொன்னேன்.

உள்ளே போனபோது அவர்தான் முதலில் பார்த்தார். "ஏனுங்க... இதென்னங்க, பால் ஏடு கட்டின மாதிரி சுருங்கிருச்சு?"

எட்டு மாதம் காய்ந்த சேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. முகத்தின்மேல் மட்டும் தோல் கட்டி, சுருங்கி, உள்ளே ஈரமாக இருந்ததால் ஒரு கன்னம் கீழே இறங்கியிருந்தது. மூக்கோரம் பிளந்திருந்தது. நூல் மூட்டைமேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மிஷின் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை.

டீச்சர் பிளந்த இடத்தை நகத்தால் மெல்லத் தொட்டுப் பார்த்தார். "சுரண்டித்தான் ஆகோணும்" என்றார்.

"பழையபடி வந்துருங்களா டீச்சர்?"

"அதே முகம் வராதுங்ணா. வேற வரும்."

வீட்டில் சொல்லவில்லை. மறுபடி உட்காரச் சொன்னபோது அவள், "முகம் வந்துருச்சுன்னீங்களே?" என்றாள். "சின்னத் திருத்தம்" என்றேன். ஐந்து நாள் காலை வரைந்தேன். கீரைக்காரி கத்தினாள், அவளும் திரும்பினாள், ஆனால் அது வரவில்லை. மூக்கு மூக்காக இருந்தது, கண் கண்ணாக இருந்தது. மொத்தமாக நான் ஒருநாளும் பார்த்திராத ஒரு பெண்.

வேறு வழியில்லை. சனிக்கிழமை பத்து மணி வெயிலில் படத்தை ஜன்னலோரம் வைத்துத் துணியை எடுத்தேன். அவள் ஒரு சாண் தூரத்தில் முகத்தை வைத்துக் கீழிருந்து ஆரம்பித்தாள். கரை. முழங்கால். மடி.

"ஐயோ, எம்பட சேலைங்க! இந்த இடத்துல நீலமாத் தெரியுமே, அதுகூட இருக்குது பாருங்க. தொட்டா வழுக்குமாட்டம் இருக்குதே." கண்ணிலிருந்து தண்ணீர் இறங்க இறங்கத் துடைத்துக்கொண்டு, அவசர அவசரமாக மேலே போனாள். முந்தானை. கழுத்து. அப்புறம் நின்றுவிட்டாள். தன் பார்வை வட்டத்தை நெற்றிக்கும் தாடைக்குமாக ஏழெட்டுத் தடவை நகர்த்தினாள்.

"இது யாருங்க?"

நான் லுங்கித் துணியை மடிக்க ஆரம்பித்தேன்.

"என் சித்தி மகளாட்டம் இருக்குது. லட்சணமாத்தான் இருக்கா." கொஞ்சம் பொறுத்து, என் மனசு நோகக் கூடாது என்று நினைத்தாளோ என்னவோ, "எனக்குத்தான் கண்ணு சரியாத் தெரியலையாட்டம் இருக்குதுங்க. நீங்க நல்லாத்தான் போட்டிருப்பீங்க" என்றாள்.

"ஆமா, கண்ணுதான்" என்று நான் சொன்னேன்.

படத்தைக் கெடுத்தது மடத்தனம். அதை ஆண்டவர் மன்னிப்பார் என்று நம்புகிறேன். இந்த இரண்டு வார்த்தையைத்தான் என்னால் தாண்ட முடியவில்லை. கடைசியாகச் சரியாகப் பார்த்த கண்ணை, பொய் சொன்ன கண் என்று நான் தீர்ப்பு எழுதிவிட்டேன்.

ஒன்பதாம் நாள் காலை எழுந்து விளக்கைப் போடச் சொன்னாள். வெயில் அவள் முகத்திலேயே அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு வீட்டுக்குச் செபம் சொல்ல வந்த பெண்கள் சுவரில் படத்தைப் பார்த்துக் கேட்டார்கள். "பாத்தனுங்க" என்று என் மனைவி என்னை விட்டுக்கொடுக்காமல் சொன்னாள். அந்த ஒரு சொல் ஊரெல்லாம் போய் வேறு மாதிரி வளர்ந்தது. டாக்டர் ஒரு நாள் கெடு கொடுத்தாராம், கண் நோய்க்கு வேண்டிக்கொள்கிற புனிதை வந்து பார்வையைப் பிடித்து நிறுத்தினாளாம், தன் கல்யாண முகத்தைக் கண்குளிரப் பார்த்த பிறகே பார்வை போனதாம். செல்போனில் படத்தோடு அனுப்பினார்கள். மெழுகுதிரி கொண்டுவந்தார்கள். நான் தலையாட்டினேன்.

போன வருடம் ஆத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாய் தன் பெண்குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தார். குழந்தைக்கும் கண்ணில் அழுத்தம். அதன் கையைப் பிடித்துப் படத்தைத் தொடவைத்தார். "மருந்தை நிறுத்திட்டு முழுசா வேண்டிக்கலாம்னு இருக்கோங்க அண்ணே. உங்க வீட்டுல நடந்த மாதிரி எங்களுக்கும் நடக்கும் இல்லையா?" என்றார்.

"நிறுத்தாதீங்கம்மா, ஒரு வேளைகூட நிறுத்தாதீங்க. இங்க அப்படி ஒண்ணும் நடக்கலை" என்றேன். நடந்ததை முழுக்கச் சொன்னேன். என் மனைவி அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று தெரிந்துதான் சொன்னேன்.

அவர்கள் போன பிறகு அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அப்ப அன்னிக்கு என் கண்ணு சரியாத்தான் பாத்துருக்குது."

"ஆமா."

"அந்த ஞாயித்துக்கிழமை நான் எந்திரிச்சு வந்தனே. அன்னிக்குக் காட்டியிருந்தா?"

"பாத்திருப்பே."

மூன்று நாள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், முன்பு சொட்டு மருந்து விட்டுக்கொள்ள உட்காருகிற இடத்தில் வெறுமனே உட்கார்ந்திருந்தாள். நான்காம் நாள், "நான் மன்னிச்சுட்டேன்னு எழுதிப் போடாதீங்க. அது இன்னும் முழுசா வரலை. நடந்ததை எழுதுங்க" என்றாள். எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன். இரண்டு இடத்தில் நான் என்னை மிருதுவாகக் காட்டியிருந்தேன், நிறுத்தித் திருத்தச் சொன்னாள்.

இதைப் படிக்கிறவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதை நாலு பேருக்குச் சொல்லுங்கள், ஆனால் இருக்கிறபடி சொல்லுங்கள். எங்கள்மேல் பிரியத்தால்கூட எதையும் சேர்க்க வேண்டாம். அவள் சேலையைப் பார்த்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. பார்க்கவிடாதது நோய் இல்லை, நான். கண்ணில் அழுத்தம் உள்ளவர்கள் செபமும் செய்யுங்கள், மருந்தையும் ஒரு வேளைகூடத் தவறாமல் போடுங்கள். வேறு விதமாக யாராவது சொல்லக் கேட்டால், இல்லை, அந்த ஆள் இப்படித்தான் எழுதியிருக்கிறான் என்று சொல்லிவிடுங்கள்.